தண்ணீர் இல்லாத ஆற்றை ஆறு என்று சொல்லலாமா?

கேள்வி
ஜூன் 4, 2025

வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆறு. வருடத்தில் எட்டு மாதம் மணல்தான். மிச்ச நாட்களில் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். ஒழுங்காகத் தண்ணீர் ஓடுவது நாலைந்து வாரம். இதை ஏன் விடாமல் ஆறு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்? பழக்கதோஷம் தவிர வேறு காரணம் உண்டா? 'மணல்வெளி' என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

ஜூன் 4, இரவு

தண்ணீர் ஓடுவது நாலைந்து வாரம் என்கிறீர்கள். எதில் ஓடுகிறது? ஆற்றில். உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்.

'ஆற்றில் தண்ணீர் இல்லை' என்று தமிழில் வாய் கூசாமல் சொல்கிறோம். ஆறு என்றாலே தண்ணீர்தான் என்றால் அந்த வாக்கியம் உளறல் ஆகிவிடும். 'ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது' என்கிறோம். அப்படியானால் ஆறு முன்பே அங்கே இருக்கிறது, தண்ணீர்தான் வந்து போகிறது. மணல்வெளி என்று பெயர் மாற்றினால் தண்ணீர் வரும் நாளில் 'மணல்வெளியில் வெள்ளம்' என்று அலறுவீர்கள். வந்தது அதன் சொந்த இடத்துக்குத்தான்.

ஜூன் 5

காலையில் பேருந்தில் வரும்போது இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறு என்றால் வழி. குறளில் 'அறத்தாறு' என்பது அறத்தின் வழி. ஆற்றுப்படை என்பது வழிகாட்டி அனுப்புவது. வரலாறு என்ற சொல்லைப் பிரித்தால் வரல் + ஆறு, வந்த வழி. 'வருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று விண்ணப்பத்தில் எழுதுகிறோமே, அந்த 'மாறு'வுக்குள்ளும் ஆறுதான் ஒளிந்திருக்கிறது. ஆக, தண்ணீர் போகும் வழிக்கு ஆறு என்று பெயர். வழியில் ஆள் நடமாட்டம் இல்லை என்பதற்காக அதை வழி இல்லை என்று சொல்வோமா?

இதே பொருளுக்கு மற்ற மொழிகள் எங்கே கை வைத்தன என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஆங்கில 'ரிவர்' லத்தீனில் கரையைக் குறிக்கும் 'ரிப்பா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அவர்கள் பிடித்துக்கொண்டது கரையை. நதி என்ற வடசொல்லை நாதத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வது மரபு. ஒலிப்பது நதி. அரபியில் 'வாதி' என்பது பள்ளத்தாக்குக்கும் பெயர், பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கும் பெயர். அந்த வாதிதான் ஸ்பெயினுக்குப் போய் குவாதல்கிவீர் ஆனது: அல்-வாதி அல்-கபீர், பெரிய ஆறு. கரை, ஒலி, பள்ளம், வழி. ஒரு சொல்லிலும் தண்ணீர் நேரடியாக இல்லை பாருங்கள்.

ஜூன் 7

மேலே எழுதியதில் ஓர் ஓட்டை. பழைய இலக்கியம் படிக்கும் ஒருவர் தனியாக எழுதிக் காட்டினார். சங்கப் பாடல்களில் தண்ணீர் ஓடும் ஆறு பல இடங்களில் 'யாறு'. கான்யாறு, பேர்யாறு. வழியைக் குறிப்பது 'ஆறு'. திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியும் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. யகரம் உதிர்ந்து இரண்டும் பிற்காலத்தில் ஒரே உருவத்துக்கு வந்திருக்கலாம்.

ஆக, 'தண்ணீர் போகும் வழிக்கு ஆறு என்று பெயர்' என்று அடித்துச் சொன்னது தப்பு. அந்த வரியை அழிக்கவில்லை, கிடக்கட்டும். ஆனால் முதல் நாள் எழுதியது அப்படியே நிற்கிறது. சொல் எங்கிருந்து வந்ததோ, 'ஆற்றில் தண்ணீர் இல்லை' என்று இன்றைக்கும் நாம் பேசுகிறோம். வேர்ச்சொல்லைக் கண்டுபிடித்த குஷியில் பேச்சு வழக்கை மறந்துபோவது எனக்குப் பழைய வியாதி.

ஜூன் 8

கொஞ்சம் என் பிழைப்பைப் பற்றி. நான் வரைபடம் வரைகிறவன். செயற்கைக்கோள் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஆற்றின் மேல் மவுஸால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போவேன். கடைசியில் அது ஒரு நீலக் கோடாகும். வருடம் முழுக்கத் தண்ணீர் இருந்தால் முழுக்கோடு. இல்லாவிட்டால் விட்டுவிட்டு வரும் கோடு. உலகமெங்கும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு முழுக்கோடு நிஜ ஆறு, விட்ட கோடு அரைகுறை ஆறு.

எது அதிகம் என்று நினைக்கிறீர்கள்? 2021-ல் நேச்சர் இதழில் உலக ஆறுகள் எல்லாவற்றையும் நீளத்தால் கணக்கிட்டு ஓர் ஆய்வு வந்தது. ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகும் ஆறுகளும் ஓடைகளும் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம். பாதிக்கு மேல். உங்கள் வீட்டுப் பக்கத்து ஆறு விதிவிலக்கு இல்லை, அதுதான் பெரும்பான்மை. வற்றாத ஆறுகள்தான் சிறுபான்மை.

ஜூன் 8, கொஞ்சம் கழித்து

இதை விட்டால் தூக்கம் வராது. ஆஸ்திரேலியாவின் நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் டாட் என்று ஓர் ஆறு. பெரும்பாலும் மணல்தான். 1962 முதல் அங்கே படகுப் போட்டி நடத்துகிறார்கள். படகுக்கு அடி கிடையாது. உள்ளே நின்று இரு கையாலும் படகைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓட வேண்டும். 1993-ல் போட்டி ரத்து. காரணம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது என்று கிரேக்கத் தத்துவஞானி ஹெராகிளிட்டஸ் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் பார்த்தது வற்றாத ஆறு போலிருக்கிறது. நம்முடையதில் நேற்றைய காலடித் தடத்திலேயே இன்றும் கால் வைக்கலாம்.

ஜூன் 12

'மொழி விளையாட்டெல்லாம் சரி, நிஜத்தில் அங்கே இருப்பது மணல்தானே?' என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்லை விட்டுவிட்டுத் தோண்டிப் பார்ப்போம்.

மணலுக்கு அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கிறது. மேலே ஓடும் ஆறும் கீழே இருக்கும் நிலத்தடி நீரும் கலக்கிற அந்த அடுக்குக்கு 1959-ல் ருமேனிய விஞ்ஞானி டிராயன் ஓர்கிதான் 'ஹைப்போரிக்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஹைப்போ' அடி, 'ரியோஸ்' ஓட்டம். அடியோட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மணற்பரலுக்கும் பரலுக்கும் இடையே உள்ள சந்தில் அது மெதுவாக ஊர்கிறது. மேலே ஒரு நொடியில் கடக்கும் தூரத்தைக் கீழே கடக்க மணிக்கணக்கில் ஆகலாம், நாள்கணக்கிலும் ஆகலாம். அதற்குள் பூச்சிகள், புழுக்கள், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஒரு கூட்டமே குடியிருக்கின்றன. தண்ணீரை வடிகட்டித் தருவது அவைதான்.

எவ்வளவு அகலத்துக்கு? அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் ஃபிளாட்ஹெட் என்ற ஆற்றங்கரைச் சமவெளியில் ஸ்டான்ஃபோர்டு, வார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிணறுகளைச் சோதித்தார்கள். 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டர் வரை தள்ளியிருந்த கிணறுகளில் ஆற்றுப் பூச்சியான ஸ்டோன்ஃபிளையின் இளம்புழுக்கள் கிடைத்தன. நிலத்துக்கு அடியிலேயே வளர்ந்து, இறக்கை முளைக்கும் நேரத்தில் ஆற்றுக்குத் திரும்பிவிடும் பூச்சி. அந்தப் பூச்சியிடம் ஆற்றின் அகலம் என்ன என்று கேட்டால் நான் வரைந்த நீலக் கோட்டைக் காட்டாது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்ததுதான் இது. நல்வழியில் ஔவை சொல்வது: வெள்ளம் வற்றி மணல் காலைச் சுடும் நாளிலும் ஆறு ஊற்றாகச் சுரந்து உலகுக்கு ஊட்டும். நொடித்துப்போன நல்லவர்களுக்கு அது உவமை. உவமைக்குப் பின்னால் உள்ள ஆற்றறிவை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விட்டேன்.

ஜூன் 14

வறண்ட ஆறு என்றால் வெயில் நாடுகளின் சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்காக: டானூப். ஐரோப்பாவின் இரண்டாவது நீளமான ஆறு. ஜெர்மனியில் இம்மென்டிங்கன் பக்கத்தில் கோடையில் அது காணாமல் போய்விடும். வெள்ளைக் கற்கள் மட்டும் கிடக்கும். சுண்ணாம்புப் பாறையின் பிளவுகள் தண்ணீரை மொத்தமாக விழுங்கிவிடுகின்றன.

போன தண்ணீர் எங்கே? 1877 அக்டோபரில் அடால்ஃப் க்னோப் என்ற புவியியலாளர் அந்தப் பிளவில் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தைக் கொட்டினார். சுமார் 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளி, ஆக் என்ற ஊற்று பச்சைப் பசேலென்று பொங்கியது. அந்த ஊற்று ரைன் ஆற்றோடு சேர்வது. கருங்கடலுக்குப் புறப்பட்ட தண்ணீர் வட கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகென்ன, இரு பக்க மாநிலங்களுக்கும் தகராறு. 1927-ல் நீதிமன்றம் வரை போனது.

இப்போது கலைக்கு வருகிறேன். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 1998 முதல் 2001 வரை ஸ்டாக்ஹோம், டோக்கியோ, லாஸ் ஏஞ்சலஸ் உட்பட ஆறு இடங்களில் (ஆறு = 6, குழம்ப வேண்டாம்) சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றில் பச்சைச் சாயம் கொட்டினார். அவர் எடுத்ததும் க்னோப் எடுத்த அதே சாயம்தான், அதன் உப்பு வடிவம். ஒருவர் கொட்டியது தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள. இன்னொருவர் கொட்டியது தினமும் பாலத்தில் கடந்து போகிறவர்கள் கீழே தண்ணீர் நகர்வதை ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று. எனக்கு இரண்டும் ஒரே சோதனை மாதிரிதான் தெரிகிறது. இரண்டாவதில் சோதிக்கப்பட்டது பாலத்தில் நின்றவர்கள்.

ஜூன் 15

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஒரு பழமொழி உண்டு. க்னோப் அளந்துதான் போட்டிருக்கிறார்.

ஜூன் 22

ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே ஆற்றை வரைந்துவருகிறேன். பாலத்தின் மூன்றாவது தூணுக்கு நேர் எதிரே. அலுவலகத்தில் இருபது வருடமாக ஆறு வரைந்தவனுக்குக் காகிதத்தில் பென்சிலால் வரைவது சுலபம் என்று நினைத்தேன். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். கரையை எங்கே போடுவது?

முதல் ஞாயிறு, தண்ணீர் முடிகிற இடத்தில் கோடு போட்டேன். மூன்று வாரத்தில் அந்தக் கோடு வெறும் மணலில் நின்றது. சரி, தண்ணீரை நம்பக்கூடாது என்று புல் தொடங்கும் இடத்தைக் கரையாக வைத்துக்கொண்டேன். மார்ச்சில் புல் இறங்கி ஆற்றுக்குள் வந்துவிட்டது. ஏப்ரலில் ஒரு நாள் வெயில் தாங்காமல் பக்கத்து மரத்தடியில் ஒதுங்கினேன். அண்ணாந்து பார்த்தால், என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், கிளைக்கவட்டில் காய்ந்த வைக்கோலும் நைந்த பாலித்தீன் பையும் ஒரு செருப்பின் வாரும் சிக்கிக் கிடக்கின்றன. யாரும் ஏறிப் போய் வைத்திருக்க மாட்டார்கள். என்றைக்கோ வெள்ளம் அவ்வளவு உயரத்தில் போயிருக்கிறது. அப்படியானால் நான் உட்கார்ந்து கரையைத் தேடிக்கொண்டிருந்தது ஆற்றுக்குள்ளேயே.

இப்போது ஒரு பக்கத்தில் மூன்று கோடு போடுகிறேன். அழுத்தமாக ஒன்று, லேசாக ஒன்று, தொட்டும் தொடாமலும் ஒன்று. பார்ப்பவர்கள் கை நடுங்குகிறதா என்று கேட்கிறார்கள்.

இதைப் பெரிய அளவில் செய்தவர் ஹெரால்ட் ஃபிஸ்க். 1944-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்களுக்காக மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியை வரைந்தார். இன்றைய ஆறு எங்கே என்பதோடு நிற்காமல், முன்பு எங்கெங்கே ஓடியது என்று ஒவ்வொரு பழைய தடத்துக்கும் ஒரு நிறம் கொடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து நெளிந்து, பின்னிக் கிடக்கும் குடல் மாதிரி இருக்கும். அரசாங்க அறிக்கைக்காக வரைந்தது, இன்று ஜனங்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சல். நான் வரைந்ததை யாரும் மாட்ட மாட்டார்கள்.

நீரியல்காரர்களும் கரையைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள். லூனா லியோபோல்டும் அவர் கூட்டாளிகளும் அளந்து பார்த்ததில், பல ஆறுகள் சராசரியாக ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை கரை தொட நிறைகின்றன, அதற்கு மேல் போனால் பக்கத்துச் சமவெளியில் பரவுகின்றன. பரவுவது விபத்து இல்லை. அந்தச் சமவெளி ஆறு எப்போதாவது பயன்படுத்தும் அறை. தமிழில் அதற்குப் படுகை என்று பெயர். படு என்றால் படுத்துக்கொள். ஆறு கை காலை நீட்டிப் படுக்கிற இடம். (சொற்பிறப்பில் ஒரு தடவை சூடுபட்டவன் என்பதால் இதைக் கொஞ்சம் பயந்துகொண்டே எழுதுகிறேன்.)

ஜூன் 29

திருத்தம், அதுவும் மானம் போகிற திருத்தம். என் படக்குறிப்பேட்டில் ஜனவரியிலிருந்து 'இடக்கரை' என்று எழுதியதெல்லாம் வலக்கரை. ஆறு போகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டு இடம் வலம் சொல்ல வேண்டும் என்பது விதி. பாரிஸின் இடக்கரை அப்படித்தான் இடக்கரை. நான் மேட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஓடியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அது நகராததால் ஆறு மாதம் ஆற்றுக்கு எதிர்முகமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

விதியும் நல்ல விதிதான். பார்க்கிறவன் நிற்கும் இடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், ஆற்றின் முகத்தை வைத்துப் பேசுகிறது.

ஜூலை 6

ஒலிப்பது நதி என்று மேலே எழுதியிருந்தேன். அதைச் சும்மா விடக்கூடாது.

சலசலப்பது தண்ணீர் என்றுதான் நாம் நினைக்கிறோம். தண்ணீர் தன்னால் அவ்வளவு சத்தம் போடாது. 1933-ல் பெல்ஜியத்தில் பிறந்த விஞ்ஞானி மின்னார்ட் கண்டு சொன்னது: ஓடும் நீரில் சிக்கிய காற்றுக்குமிழிகள் சுருங்கி விரிந்து அதிர்கின்றன, அந்த அதிர்வுதான் நம் காதில் விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறக்குறைய 3300 தடவை அதிரும். குமிழி பெரிதாக ஆக, சுருதி இறங்கும். ஓடை சலசலக்கிறது, அருவி 'ஓ'வென்று இரைகிறது என்று நாம் வேறு வேறு சொல் போட்டதற்குப் பின்னால் குமிழியின் அளவும் இருக்கிறது.

அன்னியா லாக்வுட் என்ற இசைக்கலைஞர் 1982-ல் ஹட்சன் ஆற்றை ஊற்றிலிருந்து கடல் வரை இடம் இடமாக ஒலிப்பதிவு செய்து, ஒலியாலேயே ஒரு வரைபடம் செய்தார். கோடு கிடையாது, நீலம் கிடையாது. என் தொழிலில் அதற்கு இடமே இல்லை என்பதால் ரொம்ப நாள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். இன்று ஆற்றில் எத்தனை கல் உருண்டு போகிறது என்று அறிய நீரியல்காரர்கள் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, கல்லும் கல்லும் மோதும் சத்தத்தை அளக்கிறார்கள். காதை வேடிக்கை என்று ஒதுக்கினது என் அவசரம்.

ஆசைப்பட்டு நானும் கைபேசியை எடுத்துக்கொண்டு போனேன். வறண்ட ஆற்றில் ஒரு மணி நேரம். பதிவில் கிடைத்தவை: பாலத்தில் போகும் லாரி, ஒரு மீன்கொத்தி, என் இருமல். மீன்கொத்திக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எங்கோ மடு ஒன்று மிச்சம் இருக்கிறது.

ஜூலை 9

கேள்வி கேட்டவர் திருப்பி அடித்திருக்கிறார், அதுவும் சரியான இடத்தில். 'தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆறுதான் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அப்படியானால் மேலே தண்ணீரை மறித்துக்கொண்டவர்களுக்கு உங்கள் வாதம் ரொம்ப வசதி. ஆறு இருக்கிறதே, அப்புறம் என்ன என்பார்கள்.'

இரண்டு நாளாக இதற்குப் பதில் இல்லாமல் திரிந்தேன். உண்மையிலேயே நான் இதை யோசிக்கவில்லை.

கொலராடோ ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அணைகளும் கால்வாய்களும் உறிஞ்சியது போக, 1960களிலிருந்து அது பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதே இல்லை. அங்கே கிடக்கும் மணலும் உங்கள் வீட்டுப் பக்கத்து மணலும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒன்று தூங்குகிறது, இன்னொன்றைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பருவத்தில் வற்றுகிற ஆற்றில் மீனும் மரமும் பூச்சியும் அந்தத் தாளத்துக்குப் பழகியிருக்கின்றன. திடீரென்று நிறுத்தப்பட்டதில் அப்படி ஒன்றும் கிடையாது. 'வறண்ட ஆறு' என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டது என் சோம்பல். வற்றிய ஆறு, வற்றவைத்த ஆறு என்று இனிமேல் பிரித்து எழுதுகிறேன்.

2014-ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் பேசி, மார்ச் முதல் மே வரை அந்தப் படுகையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்ற ஊரில் ஜனங்கள் மணலில் இறங்கிக் காத்திருந்து, தண்ணீர் வந்ததும் ஆடிப் பாடிக் கொண்டாடினார்கள். ஊர்ப் பெயரிலேயே ஆறு இருக்கிறது. ஆற்றைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகள் இருந்த ஊர் அது. மே மாதம் தண்ணீர் கடல் வரை போய்த் தொட்டது.

ஜூலை 9, இரவு

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 'தண்ணீர் இருந்தால்தான் ஆறு' என்று வைத்துக்கொண்டாலும் ஆபத்து இருக்கிறது. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாக்கெட் வழக்கில், மத்திய நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பு ஒப்பீட்டளவில் நிரந்தரமான நீர்நிலைகளுக்கும் அவற்றோடு விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும் சதுப்புகளுக்கும்தான் என்று தீர்ப்புச் சொன்னது. மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைகள் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெறும் தரை ஆகிவிட்டன. அடுத்த மழையில் அந்த ஓடையில் விழுகிற கழிவு எங்கே போகும் என்று ஓடையைக் கேட்டால் தெரியும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லும் சண்டைதான். ஆனால் பணமும் புல்டோசரும் பின்னாலேயே நிற்கின்றன.

எனவே என் வாதத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: தண்ணீர் இல்லாத நாளிலும் அது ஆறு, அதனால் தண்ணீர் வர வேண்டிய இடம். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் இரண்டாவது பாதியைச் சொல்லுங்கள்.

ஜூலை 11

தாவுகிறேன், மன்னிக்கவும். மேற்கு, கிழக்கு என்ற சொற்களில் மேல், கீழ் இருக்கின்றன. மேடும் பள்ளமும்தான் தமிழில் திசை. ஆறு இறங்கும் பக்கம் கிழக்கு. மலையாளத்தில் கிழக்குப் பக்கம்தான் மலை, ஆனாலும் அதே 'கிழக்கு' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வட அமெரிக்காவில் கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் கரூக் மக்களின் மொழியில் 'கரூக்' என்றாலே ஆற்றின் மேல்பக்கம். 'யூரோக்' என்ற அண்டை இனத்தின் பெயர் கரூக் மொழியில் கீழ்ப்பக்கம் என்பதிலிருந்து வந்தது. ஆள் யார் என்பதே ஆற்றில் எந்த இடம் என்பதுதான். அந்த ஆற்றில் நான்கு அணைகளை 2024-ல் இடித்து எடுத்தார்கள். அணை இருந்த இடத்துக்கு மேலே அதே ஆண்டு அக்டோபரிலேயே சால்மன் மீன்கள் ஏறிவிட்டன. எத்தனையோ தலைமுறை கழித்து, வழியை அவை எப்படித் தெரிந்துகொண்டன என்று கேட்காதீர்கள், எனக்கு இடம் வலமே தெரியாது.

ஜூலை 13

நியூசிலாந்தில் ஆற்றுக்கு மனிதரைப் போலச் சட்ட உரிமை கொடுத்தார்களே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், வாங்கானுயி ஆறு, 2017. மாவோரி மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர், ஒருவரை மாவோரிகளும் இன்னொருவரை அரசும் முன்மொழிவார்கள். எனக்குப் பிடித்தது 'மனிதர்' என்ற பகுதி இல்லை. மலையிலிருந்து கடல் வரை, கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் சேர்ந்த பிரிக்க முடியாத ஒரே முழுமை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கரையில் நிலம் உள்ளவனுக்கு ஆற்றின் நடுக்கோடு வரை சொந்தம் என்ற பழைய ஆங்கிலேயச் சட்ட வழக்கத்துக்கு அது நேர் எதிர்.

அதே ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி நபர்கள் என்றது. வெள்ளம் வந்து சேதமானால் நஷ்ட ஈடு யார் கொடுப்பது என்று மாநில அரசு கேட்டது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் நிறுத்தி வைத்தது. தாய் என்று கும்பிடுகிற வரைக்கும் பிரச்சினை இல்லை, நபர் என்றதும் பில் வந்துவிடுகிறது.

ஜூலை 20

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பல வருடம் முன்பு, நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு வட்டாரத்தின் வரைபடத்தைப் புதுப்பித்தோம். மேலதிகாரி பார்த்துவிட்டு, விட்டுவிட்டு வரும் நீலக் கோடுகள் அதிகமாக இருக்கின்றன, படம் அழுக்காகத் தெரிகிறது, சின்னதையெல்லாம் எடுத்துவிடு என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. 'பருவகாலம்' என்று குறியிட்டவற்றில் குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே உள்ளவை என்று வடிகட்டி ஒரே தடவையில் தேர்வு செய்தேன். எல்லாம் மஞ்சளாக மின்னின. திரையின் மூலையில் எத்தனை என்று ஒரு மூன்றிலக்க எண் காட்டியது. நான் அதைப் படிக்கவில்லை. அழித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

போன வாரம் அதே வட்டாரத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். ஓடைகள் இருந்த இடத்தில் சிலவற்றில் ஓடைகள் இருக்கின்றன. சிலவற்றில் மனைப்பிரிவுக் கட்டங்கள். ஒரு தெரு மட்டும் எந்தக் காரணமும் இல்லாமல் நெளிந்து போகிறது, அதன் இரு பக்கமும் வீடுகள். என் வரைபடத்தைப் பார்த்துத்தான் கட்டினார்களா என்றால் தெரியாது. யாரும் பார்க்காமலே கட்டியிருக்கலாம். ஆனால் பார்த்திருந்தாலும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

கேள்வி கேட்டவரே, 'மணல்வெளி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்' என்று நீங்கள் கேட்ட அன்றைக்கு நான் இவ்வளவு சூடாகப் பதில் எழுதியதற்குக் காரணம் இதுதான். நீங்கள் பேரை மாற்றலாமா என்று கேட்டீர்கள். நான் கேட்காமலே அழித்தவன்.

ஜூலை 21

மேலே எழுதியதில் ஒன்று: அந்த மேலதிகாரி மேல் பழி போடுவது போல் வந்துவிட்டது. அவர் 'சின்னதை எடு' என்றுதான் சொன்னார். எது சின்னது என்று முடிவு செய்தது நான்.

ஜூலை 27

உங்கள் தகவல் பார்த்தேன். கையாலேயே தோண்டினீர்களா! இரண்டு முழத்தில் மணல் நனைந்தது, இரண்டரையில் தண்ணீர் ஊறி நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கலங்கலாக வந்து பத்து நிமிடத்தில் தெளிந்ததையும் கவனித்திருக்கிறீர்கள். குழியின் எந்தப் பக்கச் சுவரிலிருந்து முதலில் ஊறியது, மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? அதைக் கவனித்திருந்தால் எழுதுங்கள். ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்து, அடுத்த ஞாயிறு அதே இடத்தில் மறுபடி தோண்டிப் பாருங்கள். போகும்போது குழியை மூடிவிடுங்கள், ஆடு மாடு கால் விட்டுவிடும்.

அப்புறம், இடக்கரையா வலக்கரையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு போகிற பக்கம் பார்த்து நின்று.